ஒரு காருக்கு மூன்று மைலேஜ்

வண்டி என்ன கொடுக்கிறது என்று ஒரு டிரைவரைக் கேளுங்கள். சட்டென்று ஒரு நம்பர் வந்தால் அதை நம்பாதீர்கள். எந்த ரோட்டில், எவ்வளவு லோடில் என்று அவன் திருப்பிக் கேட்டால் நம்பலாம்.

நம் கார் ஸ்டாண்டில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் என்னைப் பேசச் சொன்னார்கள். எனக்குப் பேச்சு வராது. எழுதித் தருகிறேன் என்றேன். படிப்பும் கொஞ்சம்தான். தப்பிருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். கியர் மாற்றுவது, பிளக் துடைப்பது இதெல்லாம் இங்கே இல்லை. அது கை தானே கற்றுக்கொள்ளும். கை கற்றுக்கொள்ளாதது ஒன்று உண்டு. அதைத்தான் சொல்கிறேன்.

அறுபதுகளில் நான் ஓட்டியது ஒரு பிக்கப் வண்டி. பண்ருட்டி முந்திரி வியாபாரி ஒருவருடையது. பெட்ரோல் வண்டி. கடலூர், சிதம்பரம் இரண்டு பக்கமும் மூட்டை போகும். மூட்டை ஏற்றிப் போனால் ஒரு மைலேஜ். வெறும் வண்டியாகத் திரும்பினால் வேறு. கடற்காற்று எதிரே அடித்தால் வேறு. டயரில் காற்று கொஞ்சம் இறங்கியிருந்தால் அதுவும் வேறு. கம்பெனிக்காரன் புத்தகத்தில் போட்ட நம்பர் என் கையில் ஒரு நாளும் வந்ததில்லை. அந்த நம்பர் வந்த ரோடு எங்கே இருக்கிறதோ.

எனக்கு முன்னால் அந்த வண்டியை ஓட்டியவர் என்னிடம் சாவியோடு ஒரு மூங்கில் குச்சியும் கொடுத்தார். டேங்கில் விட்டுப் பார்க்கிற குச்சி. அதில் கோடு கீறியிருந்தது. "பெட்ரோல் முள்ளப் பாக்காதடா, அது எப்பவும் பாதியிலதான் நிக்கும். குச்சி நனைஞ்ச வரைக்கும் நம்பு" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. அது போதுமாக இருந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

அந்தக் காலத்தில் டிரைவர் வைத்து ஓட்டுகிற ஒவ்வொரு காருக்கும் மூன்று மைலேஜ் இருந்தது. முதலாளிக்குச் சொல்வது ஒன்று. அது குறைச்சலாக இருக்கும். அதை வைத்துத்தான் அவர் பெட்ரோல் போடுவார். ஓடியதுபோக நிற்பது டிரைவருக்கு. மற்ற டிரைவர்களிடம் சொல்வது இன்னொன்று. அது ஜாஸ்தியாக இருக்கும். அது மானம். மூன்றாவது நிஜம். அதை யாரும் யாருக்கும் சொல்வதில்லை.

திருட்டு என்பீர்கள். திருட்டுதான். ஆனால் அப்போது அதற்கு அந்தப் பெயர் கிடையாது. 'மிச்சம்' என்று பெயர். என் முதலாளி பக்கத்தில் நின்று பெட்ரோல் போடுகிறவர். எனக்கு அந்த வழி இல்லை. இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது.

சவரிமுத்துவுக்கு வழி இருந்தது. சவரி கடலூர் முதுநகர்க்காரன். சிதம்பரத்தில் அரிசி மில் வைத்திருந்த ஒரு மரைக்காயரிடம் பிளஷர் ஓட்டினான். காரை அப்போது பிளஷர் என்றுதான் சொல்வோம். மரைக்காயர் பரங்கிப்பேட்டையிலிருந்து வந்து மில் போட்டவர். பேச்சு கொஞ்சம், கணக்கு ஜாஸ்தி.

பங்க்கில் என்னைப் பார்த்தால் சவரி சும்மா விடமாட்டான்.

"என்னா மச்சான், உன் லாரி எவ்ளோ குடிக்குது?" என்பான். என் பிக்கப்பை லாரி என்றுதான் சொல்வான்.

"கேலனுக்குப் பதினஞ்சு வருது."

"பதினஞ்சா! அது வண்டியில்ல மச்சான், சாயங்காலம் சாராயக்கடைக்குப் போற ஆளு. எம் பொண்ணப் பாரு. நாப்பது குடுக்குறா."

கார் அவனுக்குப் பொண்ணு. நாற்பதா என்று யாராவது இழுத்தால் மாதா மேல் சத்தியம் செய்வான். மாதா பொறுத்துக்கொள்வாள் என்று அவனுக்குத் தெரியும். பங்க்கில் லிட்டர் அளவு வந்துவிட்டது. எங்கள் வாயில் கேலனும் மைலும்தான்.

அந்த வருஷம் கார்த்திகை மழை விடவில்லை. நான் சிதம்பரத்தில் மூட்டை இறக்கிவிட்டுக் கிளம்பப் போகும்போது கடலூர் நேர் ரோடு அறுந்துவிட்டது என்றார்கள். ஒரு மதகையே தண்ணீர் தூக்கிக்கொண்டு போய்விட்டது. ரயிலும் நின்றுபோயிற்று. டேங்கர் லாரி வராததால் பங்க்கில் 'பெட்ரோல் இல்லை' என்று சிலேட்டில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். என் வண்டியை நனையாமல் நிறுத்த இடமில்லை. சவரிதான் மில் கொட்டகையில் விடச் சொன்னான். அவன் பிளஷருக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். இரண்டு பேரும் தவிட்டு மூட்டை மேல் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தோம். மத்தியானம். ஆனால் வெளிச்சம் இல்லை.

மில்லுக்குப் பின்னால்தான் மரைக்காயர் வீடு. அவர் அங்கிருந்து ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை. தலையில் தொப்பி இல்லை. கைலி முழங்காலுக்கு மேல் இருந்தது.

"சவரி, வண்டிய எடு. கடலூர் போவணும்."

அவருடைய மூத்த மகள் ஜைனம்பு பிரசவத்துக்கு வந்திருந்தாள். தலைச்சன். காலையிலிருந்து வலி. லேடி டாக்டர் வந்து பார்த்துவிட்டு, குழந்தை குறுக்கே கிடக்கிறது, வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டும், அதற்கு ஆள் கடலூர் பெரிய ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார்கள் என்று சொல்லியிருந்தார். பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர்ந்தால் இரண்டு உயிரும் நிற்கும், அதற்கு மேல் தன்னால் சொல்ல முடியாது என்றும் சொன்னாராம். இதை மரைக்காயர் எங்களிடம் சொல்லும்போது அவர் கை கொட்டகைக் காலைப் பிடித்துக்கொண்டிருந்தது.

நேர் ரோடு இல்லை. சேத்தியாத்தோப்பு போய், வெள்ளாற்றுப் பாலம் தாண்டி, வடலூர், குறிஞ்சிப்பாடி என்று சுற்றிக்கொண்டுதான் கடலூர் போக வேண்டும். ஐம்பத்தைந்து மைல் இருக்கும். வழியில் பங்க் வடலூரில் ஒன்று. அதுவும் திறந்திருக்குமா தெரியாது.

பிளஷர் டேங்கில் குச்சி விட்டேன். அடியில்தான் நனைந்தது.

மரைக்காயர் என் பிக்கப்பைப் பார்த்தார். "உன் வண்டி உசரமாத்தான இருக்கு. தண்ணியில போவும்ல?"

"போவும் மொதலாளி. ஆனா இந்த ரோட்டுல பத்து மைலுகூட குடுக்காது. இருக்குற பெட்ரோலுக்குச் சேத்தியாத்தோப்பு தாண்டாது."

இதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாக இல்லை. என் வண்டிக்கு நிஜ மைலேஜ் மட்டும்தான் இருந்தது.

ரப்பர் குழாய் போட்டு வாயால் உறிஞ்சி என் டேங்கைக் காலி செய்தேன். டின்னில் பிடித்துப் பிளஷரில் ஊற்றினோம். மறுபடி குச்சி விட்டேன். இரண்டு கேலன். கூட இருந்தால் ஒரு சொட்டு.

மரைக்காயர் குச்சியைப் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று.

"ரெண்டு கேலன்னா நாப்பது மைலுதான். இந்த வண்டி இருவதுதான குடுக்கும். பாதி வழியில நின்னுபோவுமே." அப்படியே திரும்பினார். "ஆள அனுப்புறேன். ஊருக்குள்ள யார்ட்டயாச்சும் ஒரு கேலன் இருக்கும்."

ஊருக்குள் இருக்காது. காலையிலேயே எல்லோரும் தேடிவிட்டார்கள். தேடினால் பொழுது போய்விடும். எனக்குப் பதற்றம். வாயிலிருந்து வந்துவிட்டது.

"நாப்பது குடுக்கும்னு சவரி சொன்னானே."

மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. மரைக்காயர் நின்றார். என்னைப் பார்த்தார். பிறகு சவரியைப் பார்த்தார்.

"நாப்பதா?"

சவரி டயரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனை நான் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வருத்தப்பட நேரமில்லை.

"சவரி, இருவதும் வேணாம், நாப்பதும் வேணாம். நெசத்த சொல்லு" என்றேன். "இருவதுதான்னா நாம கெளம்பக் கூடாது. அந்தப் பொண்ணு நடுக்காட்டுல கெடக்கும். இங்கன்னா டாக்டரம்மாவாவது கூட இருப்பாங்க. நாப்பதுன்னா இப்பவே எடு வண்டிய. ரெண்டுல எது?"

சவரி வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. மூடினான். மறுபடி திறந்தான்.

"எனக்கே தெரியல மச்சான்."

மறுபடியும் பொய் சொல்கிறான் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். பொய் இல்லை. இந்தப் பக்கம் இருபது என்றே சொல்லி, அந்தப் பக்கம் நாற்பது என்றே சொல்லி, நடுவில் இருந்ததை அவன் ஒரு நாளும் பார்க்கவில்லை. தினம் ஓட்டுகிற வண்டி. அவனுக்குத் தெரியவில்லை.

எத்தனையோ விபத்து பார்த்திருக்கிறேன் பிள்ளைகளே. இதைப் போல ஒன்றைப் பார்த்ததில்லை.

வீட்டுக்குள்ளிருந்து "உம்மா" என்று ஒரு சத்தம் வந்தது. நீளமாக வந்து பாதியில் நின்றது.

மரைக்காயர் சவரி பக்கத்தில் போனார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எவ்ளோ எடுப்ப?"

"மொதலாளி..."

"கோவப்பட இப்ப நேரமில்லடா. அளவ சொல்லு. நான் போடுறதுல நீ எவ்ளோ எடுப்ப?"

அது மட்டும் அவனுக்குச் சரியாகத் தெரியும். டின்னில் அளந்து எடுத்து விற்கிறவன்.

"மூணு போட்டா ஒண்ணு எடுப்பேன்."

மரைக்காயர் கண்ணை மூடினார். உதடு அசைந்தது. துவா ஓதுகிறார் என்று நினைத்தேன். கணக்குப் போட்டிருக்கிறார்.

"மூணு கேலன் அறுவது மைலுக்குப் போடுறேன். நீ அந்த அறுவதையும் ரெண்டுல ஓட்டியிருக்க. அப்ப முப்பது." கண்ணைத் திறந்தார். "இருக்குறது ரெண்டு. அறுவது மைலு ஓடும். போவ வேண்டியது அம்பத்தஞ்சு. பிஸ்மில்லா. எடு வண்டிய."

அந்த முப்பது காய்ந்த ரோட்டு முப்பது. ஒருத்தரோ இரண்டு பேரோ உட்கார்ந்து போகிற முப்பது. இப்போது மழை. வண்டியில் ஐந்து பேர். இதை நான் சவரி காதில் மட்டும் சொன்னேன்.

"தெரியும் மச்சான்" என்றான். "இனிமே எங் கால்லதான் இருக்கு."

கிளம்புவதற்கு முன் அவன் செய்ததைச் சொல்கிறேன். நாலு டயருக்கும் கல்லாக இறுகும் வரை காற்று அடித்தான். டிக்கியில் இருந்த ஸ்டெப்னி, ஜாக்கி, ஒரு மூட்டை அரிசி எல்லாவற்றையும் இறக்கினான்.

"ஸ்டெப்னியுமா? பஞ்சரானா?"

"பஞ்சரானா அப்ப பாப்போம். இப்ப அது கனம்."

எது நடக்கலாம் என்பதை விட்டுவிட்டு எது நடந்துகொண்டிருக்கிறது என்பதைப் பார்த்தான். நான் அந்த இடத்தில் ஸ்டெப்னியை இறக்கியிருக்க மாட்டேன். பயந்திருப்பேன்.

ஜைனம்புவைப் பாயோடு தூக்கி வந்து பின்னால் படுக்க வைத்தார்கள். தலை அவள் அம்மா மடியில். முன்னால் சவரி, நடுவில் மரைக்காயர், ஓரத்தில் நான். தள்ள ஒரு ஆள் வேண்டும் என்பதால் நான் ஏறினேன்.

ஊர் தாண்டியதும் சவரி டாப் கியரில் போட்டான். வண்டி இருபத்தைந்து மைல் வேகத்துக்கு வந்தது. அங்கேயே நிறுத்திவிட்டான். அவன் வலது காலைப் பார்த்தேன். ஆக்சிலேட்டர் மேல் ஒரு முட்டையை வைத்து அதன் மேல் காலை வைத்ததுபோல் இருந்தது.

கொஞ்ச நேரம் மரைக்காயர் பொறுத்தார். பின்னால் முனகல் கேட்டது.

"அழுத்துடா" என்றார்.

சவரி காலை அசைக்கவில்லை.

"என்னடா மாட்டுவண்டி ஓட்டுற? ரோடு காலியாத்தான கெடக்கு. அழுத்து!"

"அழுத்துனா குடிக்கும் மொதலாளி" என்றேன் நான். "நாப்பது மைல் வேகத்துல போனா வடலூர் தாண்டாது."

"உன்னக் கேக்கல. எம் பொண்ணு அங்க..." அவர் குரல் உடைந்தது. சவரியின் தொடையைப் பிடித்து அமுக்கினார். கால் அழுந்தி வண்டி ஒரு துள்ளு துள்ளியது. சவரி அவர் கையை எடுத்து அவர் மடியிலேயே வைத்தான். முதலாளி கையை அவன் தொட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

பின்னாலிருந்து ஜைனம்பு பேசினாள். மூச்சு வாங்கிக்கொண்டு பேசினாள்.

"வாப்பா, சும்மா இருங்க. அவுங்க ஓட்டட்டும்."

அதற்குப் பிறகு அவர் வேகத்தைப் பற்றிப் பேசவில்லை. உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு ஓதிக்கொண்டே வந்தார்.

மெதுவாகப் போவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கு நான் எழுதிக் காட்ட முடியாது. ஆபத்தில் வேகமாகப் போக எல்லோருக்கும் தெரியும். கால் தானாக அழுந்தும். ஒரு பெண் பின்னால் செத்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்து, ரோடு காலியாகக் கிடந்து, காலைத் தூக்கியே வைத்திருக்க வேண்டும். சவரியின் கழுத்தில் வேர்வை வழிந்தது. மழைக் குளிர் அது.

சேத்தியாத்தோப்புக்கு முன்னால் ரோட்டில் தண்ணீர் ஓடியது. நான் இறங்கி முன்னால் நடந்தேன். முழங்கால் அளவு. தூரம் கொஞ்சம் ஜாஸ்தி. இப்படித் தண்ணீரில் போவதென்றால் செகண்ட் கியரில் போட்டு, ரேஸ் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். விட்டால் சைலன்சரில் தண்ணீர் ஏறிவிடும். ரேஸ் கொடுத்தால் பெட்ரோல் ஆறாக ஓடும்.

நான் திரும்பி வந்தேன். சவரி என்னைப் பார்த்தான். "தள்ளிருவமா?" என்றான். நானும் அதைத்தான் நினைத்தேன்.

எஞ்சினை அணைத்தான். சைலன்சர் வாயில் துணி வைத்து அடைத்தேன். மரைக்காயர் யாரும் சொல்லாமலே இறங்கிவிட்டார். கரையில் வயல் தண்ணீர் வடிய மடை வெட்டிக்கொண்டிருந்த நாலு பேர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்தார்கள். யார், என்ன என்று கேட்கவில்லை. உள்ளே எட்டிப் பார்த்ததும் அவர்களுக்குப் புரிந்துவிட்டது. அதில் ஒருத்தர் மட்டும் தள்ளிக்கொண்டே மரைக்காயரிடம், "மொதலாளி, கார் வாங்குனா உக்காந்து போவலாம்னு சொன்னாங்களே" என்றார். மரைக்காயர் அந்த நிலையிலும் சிரித்தார். சிரிப்பு அழுகை மாதிரி இருந்தது.

அந்தப் பக்கம் போய்த் துணியை எடுத்தேன். சவரி ஸ்டார்ட்டரைத் தட்டினான். ஒரே தட்டு. பிடித்துக்கொண்டது.

வடலூரில் பங்க் மூடியிருந்தது. பெட்டிக்கடைக்காரர், ஆள் மழைக்கு முன்னாலேயே ஊருக்குப் போய்விட்டார் என்றார். பக்கத்தில் நிலக்கரிச் சுரங்க ஊர் இருக்கிறதே, அங்கே போகலாமா என்று மரைக்காயர் கேட்டார். அங்கே ஆஸ்பத்திரி உண்டு. இந்த ஆபரேஷன் உண்டா என்று சொல்ல ஆள் இல்லை. போய்ப் பார்த்து இல்லையென்றால் திரும்பி வரவும் பெட்ரோல் இருக்காது, கடலூர் போகவும் இருக்காது.

மரைக்காயர் என்னைப் பார்த்தார். நான் சவரியைப் பார்த்தேன். பின்னால் இருந்த அம்மா, "யா அல்லாஹ், எங்கயாச்சும் போங்களேன்" என்றார்.

"டாக்டரம்மா சொன்னது கடலூரு" என்றான் சவரி. "குச்சி விட்டுப் பாரு மச்சான்."

இறங்கிப் போய் விட்டேன். எடுத்துப் பார்த்தேன். நுனியில் ஒரு விரல் அகலம். அந்தக் குச்சியில் அதற்குக் கோடே கிடையாது.

"எவ்ளோ இருக்கு?" என்று மரைக்காயர் கேட்டார்.

பொய் சொல்லலாம் என்று ஒரு நொடி தோன்றியது. அவருக்குத் தைரியமாக இருக்கும். அன்றைக்குப் பொய்க்கு எனக்கு மனசு வரவில்லை.

"கொஞ்சம்தான் மொதலாளி. கேப்பர் மலை ஏறுமான்னு சொல்ல முடியாது. மலை ஏறிட்டா ஊரு."

"போ" என்றார்.

குறிஞ்சிப்பாடி தாண்டியது. ஜைனம்புவின் முனகல் குறைந்துவிட்டது. அது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. ஆண்பிள்ளை திரும்பிப் பார்ப்பதும் மரியாதை இல்லை. அவள் அம்மா ஓதுகிற சத்தம் கேட்கிற வரையில் உயிர் இருக்கிறது என்று வைத்துக்கொண்டேன்.

கேப்பர் மலை என்பது பெயருக்குத்தான் மலை. செம்மண் மேடு. ஆனால் எங்கள் தட்டையான பூமியில் அதுதான் மலை. ஏற்றம் பாதி ஏறியதும் எஞ்சின் இருமியது. சவரி ஸ்டீயரிங்கை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஒடித்து வண்டியைக் குலுக்கினான். டேங்க் மூலையில் ஒதுங்கியிருக்கிற சொட்டு குழாய்க்கு வரட்டும் என்று. வந்தது. கொஞ்சம் போனது. மறுபடி இருமியது. நின்றுவிட்டது.

சவரி கைபிரேக் போட்டான். மரைக்காயரும் நானும் இறங்கினோம். உச்சி கண்ணுக்குத் தெரிந்தது. இரண்டு பேரால் ஏற்றத்தில் தள்ள முடியாது. சவரியும் இறங்கினான். கதவைத் திறந்து வைத்து, ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, தோளைக் கதவுக் காலில் கொடுத்துத் தள்ளினான். வண்டி கொஞ்சம் ஏறும். நிற்கும். நான் கல்லைத் தூக்கிச் சக்கரத்துக்கு அண்டை கொடுப்பேன். மூச்சு வாங்குவோம். மறுபடி தள்ளுவோம். மரைக்காயரின் கால் செம்மண் சேற்றில் வழுக்கிக்கொண்டே இருந்தது. விழுந்தார். எழுந்தார். தள்ளினார்.

உச்சிக்கு வந்ததும் வண்டி தானாக நகர ஆரம்பித்தது. ஓடி ஏறினோம்.

நியூட்ரலில் இறக்கத்தில் உருட்டுவது சவரிக்குக் கைவந்த விஷயம். மிச்சம் பிடிக்கிற டிரைவருக்கு அதுதான் முதல் பாடம். ஆனால் பிரேக்கைத் தொட்டால் அந்த வேகம் திரும்ப வராது. தொடவே இல்லை. வளைவில் என் பக்கம் இரண்டு சக்கரமும் மண்ணில் இறங்கி ஏறின. எதிரே ஒரு கட்டைவண்டி வந்தது. ஹாரனை அமுக்கிக்கொண்டே ஓரத்தில் நுழைத்தான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

வண்டி சமதரைக்கு வந்து, மெதுவாகி, மெதுவாகி, ஒரு டீக்கடை முன்னால் நின்றது. தூரத்தில் திருப்பாப்புலியூர் பங்க் தெரிந்தது. திறந்திருந்தது. காலடியில் வைத்திருந்த டின்னை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

விளக்கு வைக்கிற நேரத்தில் ஆஸ்பத்திரிக்குள் போனோம். உடனே தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள்.

வராந்தாவில் மூன்று பேரும் நின்றோம். உட்காரத் தோன்றவில்லை. மரைக்காயர் கைலி முழுக்கச் செம்மண். சவரி தூரமாக, தூண் பக்கம் ஒதுங்கி நின்றான். அவன் கால் நடுங்கிக்கொண்டிருந்தது. வலது கால் மட்டும்.

நர்ஸம்மா கதவைத் திறந்து வந்தார். பையன் என்றார். அழுதான், கொஞ்சம் லேட்டாக அழுதான், அம்மாவைப் பற்றி இன்னும் ஒரு நாள் போனால்தான் சொல்ல முடியும் என்றார். ஒரு நாள் போயிற்று. ஜைனம்பு பிழைத்தாள்.

நர்ஸம்மா உள்ளே போனதும் மரைக்காயர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சவரியைக் கூப்பிட்டார்.

"எப்பலேந்துடா எடுக்குற?"

"வண்டி வாங்குன நாள்லேந்து மொதலாளி."

மரைக்காயர் தலையை ஆட்டினார். சவரி சாவியை நீட்டினான். அவர் அதை வாங்கவில்லை. "நாளைக்கு மத்தியானம் எம் மருமகப்புள்ளைய போய்க் கூட்டிட்டு வா" என்றார். அவ்வளவுதான். சவரி அந்தச் சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றான்.

தண்டனை அடுத்த வாரம் வந்தது. மூன்று கேலன் போடுகிற ஓட்டத்துக்கு மரைக்காயர் இரண்டு போட்டார். "போதும்ல?" என்று கேட்டாராம். "போதும் மொதலாளி" என்றானாம் சவரி. அதற்கு மேல் அவர்களுக்குள் அந்தப் பேச்சே வரவில்லை. சவரி அந்த வீட்டிலேயே வண்டி ஓட்டி அங்கேயே கிழவன் ஆனான்.

ரோடு சரியான பிறகு ஒரு நாள் பங்க்கில் அவனைப் பார்த்தேன். ஐந்தாறு டிரைவர்கள் இருந்தார்கள். புதிதாக ஒருத்தன் தன் வண்டி நாற்பத்தைந்து கொடுப்பதாக அளந்துகொண்டிருந்தான். சவரியைப் பார்த்து, "அண்ணே, உங்க பிளஷர் எவ்ளோ குடுக்குது?" என்றான்.

"முப்பது" என்றான் சவரி. "ரோடு காஞ்சிருந்தா."

எல்லோரும் சிரித்தார்கள். "முப்பதுன்னு அவனே சொல்றான்னா இருவதுதான்டா வரும். வண்டி போச்சு, பிஸ்டன் ரிங்கு மாத்தணும்" என்றார் ஒருத்தர். சவரி சண்டைக்குப் போகவில்லை. சத்தியம் செய்யவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தான். தனக்கென்று கோடு கீறி வைத்திருந்த ஒரு குச்சியை எடுத்து டேங்கில் விட்டான்.

இப்போது உங்கள் வண்டியில் முள் சரியாக வேலை செய்யும். லிட்டருக்கு எவ்வளவு என்று கம்பெனிக்காரன் கண்ணாடியிலேயே ஒட்டி அனுப்புகிறான். முதலாளி கேட்டால் ஒன்று சொல்வீர்கள். டீக்கடையில் கேட்டால் ஒன்று சொல்வீர்கள். நான் வேண்டாம் என்றாலும் சொல்லத்தான் போகிறீர்கள்.

எனக்கு இன்றைக்கும் கனவில் வருவது தண்ணீர் இல்லை, மலை இல்லை. மில் கொட்டகையில் சவரி வாயைத் திறந்து, ஒன்றும் வராமல் மூடினானே, அதுதான் வரும்.

உங்கள் வண்டி என்ன கொடுக்கிறது? எனக்குச் சொல்ல வேண்டாம்.